றெட் லேடி பப்பாசி: ஆண், பெண், இருபால் மரங்களைப் பூவில எப்படிப் பிரிக்கிறது?

நிலாவெளி மணல்தறை:
இடம் நிலாவெளி, சுத்த மணல் தறை. மாசி கடைசியில றெட் லேடி எண்டு வாங்கின கன்று 30, குழிக்கு ஒண்டாக நட்டது. இப்ப ஆனி, எல்லாம் பூத்திட்டுது. 14 மரத்தில மொட்டு குண்டு, ஒண்டு ரெண்டாத்தான் நிக்குது. 11இல மொட்டு மெல்லிசு, சின்னக் கொத்து, பிஞ்சும் பிடிச்சிருக்கு. நாலில அதே மெல்லிய மொட்டுத்தான், ஆனா பூவெல்லாம் கொட்டுது, ஒரு பிஞ்சுகூட இல்லை. கடைசி ஒண்டில பூ ஒரு முழக் காம்பில தொங்குது. கன்று தந்த இடத்தில "இதில ஆணே வராது" எண்டாங்க.

அந்த நாலும் ஆணா, வெட்டலாமா? குண்டு மொட்டு மரங்களை வச்சிருக்கலாமா? அடுத்த முறைக்கு இந்தப் பழத்திலயே விதை எடுக்கலாமா?

கட்டைபறிச்சான் தோட்டம்:
தம்பி, கத்தியை இப்ப எடுக்காதீங்க. முதல்ல காம்பைப் பாருங்க, பிறகு மொட்டைப் பிளந்து பாருங்க.

ஆண் மரத்தைக் காம்பே காட்டிக் குடுத்திடும். ஒரு அடிக்கு மேல நீண்டு, கிளை விட்டு, குழல் மாதிரிச் சின்னப் பூ நிறையத் தொங்கும். உங்கட முழக் காம்பு மரம் அதுதான். றெட் லேடியின்ர அசல் விதையில பெண்ணும் இருபாலும்தான் வரும், அதால அந்தக் கன்று யாரோ பழத்தில எடுத்த விதையில முளைச்சு உள்ள கலந்திருக்க வேணும்.

மற்ற ரெண்டுக்கும் காம்பு குட்டை, இலைக் கக்கத்தோட ஒட்டியே நிக்கும். அங்க மொட்டுத்தான் சாட்சி. விரியிறதுக்கு ஒண்டு ரெண்டு நாளுக்கு முன்னால, ஒரு அங்குலமளவு மொட்டாப் பறிச்சு பிளேட்டால நீளவாக்கில பிளக்க வேணும். பால் கையில பட்டா சிலருக்குக் கடிக்கும், உடன கழுவுங்க.

பெண்: அடி குண்டு, நுனி கூர். இதழ் அஞ்சும் அடிவரைக்கும் பிரிஞ்சு வரும். உள்ள உருண்டைச் சூலகம் (பிஞ்சாகிற பகுதி), தலையில விசிறி மாதிரிச் சூல்முடி. மகரந்தப் பை ஒண்டும் இருக்காது.

இருபால்: மொட்டு நீளம், நடுவில லேசா இடுப்புப் பிடிச்ச மாதிரி. இதழ்கள் கீழ்ப்பாதியில ஒட்டிக் குழலாக நிக்கும். உள்ள நீளமான சூலகம், அதைச் சுத்தி மஞ்சள் மகரந்தப் பை 10. நீட்டுப் பழம் தாற மரம் இது.

ஒரு கவனம்: இருபால் கொத்தில நடுப்பூதான் காய்க்கும். பக்கத்துச் சின்னப் பூக்கள் பெரும்பாலும் ஆண் பூ. பக்கப் பூவைப் பிளந்து பார்த்திட்டு "ஆண் மரம்" எண்டு வெட்டினவங்கதான் அதிகம். ஒரு மரத்தில மூண்டு நாலு கொத்தின்ர நடு மொட்டைப் பாருங்க.

தம்பலகாமம் வடக்கு:
அந்த நாலு மரத்தையும் பற்றி. பூக்காம்பு குட்டையாக இருந்தும் பூ முழுக்கக் கொட்டினால், அது பெரும்பாலும் வெயிலில் ஆணாக மாறி நிற்கும் இருபால் மரம். பெண் மரம் தன் இயல்பை மாற்றாது. இருபால் மரம் அப்படியல்ல. கச்சான் காற்று அடித்து, 35 பாகைக்கு மேல் வெக்கை நின்று, அடியில் ஈரமும் தழைச்சத்தும் குறைந்தால், சூலகம் வளராமல் நூலாகச் சூம்பிவிடும். மகரந்தம் மட்டும் இருக்கும், பூ விழும். மணல் தறையில் இது சீக்கிரம் வரும்.

செய்ய வேண்டியது: மரத்துக்கு நாளுக்கு 15 முதல் 20 லீற்றர் தண்ணீர், ஒரேயடியாக ஊற்றாமல் காலையும் மாலையுமாக. மணலில் ஒரே தடவை ஊற்றினால் வேருக்குக் கீழே போய்விடும். தண்டைச் சுற்றி நனைத்துக்கொண்டே இருந்தால் அடியழுகல் வரும், ஆகவே ஒரு அடி தள்ளி வட்டமாக ஊற்றுங்கள். வைக்கோல் மூடாக்கு நான்கு விரல் கனம், அதுவும் தண்டில் படாமல். யூரியா 50 கிராம் மாதம் ஒரு தடவை, இரண்டாகப் பிரித்து, ஈரத்தில் மட்டும். மேற்குப் பக்கம் கிடுகு வேலி கட்டினால் கச்சானின் வேகம் குறையும்.

பலன் அடுத்த வாரம் தெரியாது. பூவின் போக்கு அது விரிவதற்குச் சுமார் ஒன்றரை மாதம் முன்பே மொட்டுக்குள் தீர்மானமாகிவிடுகிறது. இன்று செய்யும் வேலை ஆவணிப் பூவில்தான் தெரியும்.

இதன் மறுபக்கமும் உண்டு. மாரியில் ஈரமும் யூரியாவும் மிஞ்சினால் மகரந்தப் பைகள் சூலகத்தோடு ஒட்டி, பழம் வரிவரியாகக் கோணிப்போகும். அது நோயில்லை, மருந்தடிக்க வேண்டாம். ஆனால் பழத்தோல் முண்டுமுண்டாகிப் பாலும் கசிந்தால் அது வேறு, போரன் குறைபாடு.

உப்புவெளி விதைப்பெட்டி:
விதைக் கேள்விக்கு. றெட் லேடி கலப்பினம், அதன் பழத்து விதையில் தாய் மரத்தின் குணம் அப்படியே வராது. அதையும் மீறி எடுப்பதென்றால் இருபால் மரத்துப் பழத்தில் மட்டும் எடுங்கள். நடு மொட்டு விரியும் முன்பே கடதாசிப் பையால் மூடிக் கட்டுங்கள், தன் மகரந்தத்திலேயே பிடிக்கும். பிஞ்சானதும் பையை எடுத்து, காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அப்படி எடுத்த விதையில் இருபால் 2 பங்கு, பெண் 1 பங்கு, ஆண் இல்லை. பெண் மரத்துப் பழத்து விதையென்றால் மகரந்தம் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது: இருபாலிலிருந்து என்றால் பாதி பெண், பாதி இருபால், ஆணிலிருந்து என்றால் பாதி ஆண், பாதி பெண். ஆகவே விதை எடுப்பதென்றால் அந்த முழக் காம்பு ஆண் மரத்தை முதலில் வெட்டிவிடுங்கள்.

குழிக்கு ஒரு கன்று நட்டதுதான் பிழை. மூன்று கன்றை ஒரு அடி இடைவெளியில் முக்கோணமாக நட வேண்டும். 2:1 கணக்கில் மூன்றும் பெண்ணாகப் போக 27இல் 1 வாய்ப்புத்தான். பூத்ததும் ஒரு இருபாலை விட்டு மற்றதைத் தரையோடு வெட்டுங்கள். பிடுங்கினால் வேர் பின்னிக் கிடப்பதால் நிற்கிற மரமும் ஆடிப்போகும்.

விதையைச் சுற்றியுள்ள வழவழப்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவாவிட்டால் முளைப்பது பிந்தும்.

நாற்றிலேயே ஆண் பெண் பார்க்க ஆய்வுகூடத்து மரபணுச் சோதனை தவிர வழியில்லை. ஆணிவேர் நேரே போனால் ஆண், விதை தண்ணீரில் மிதந்தால் ஆண் என்பதெல்லாம் கதை. ஆண் மரத்தில் ஆணி அடித்தால் காய்க்கும் என்பதும் அப்படியே: ஆண் மரம் எப்போதாவது தானாகவே நீளக் காம்பில் ஓரிரண்டு காய் விடும், பேர் ஆணிக்குப் போகும்.

கட்டைபறிச்சான் தோட்டம்:
குண்டு மொட்டுக் கேள்வி விடுபட்டுப்போச்சு. அந்த 14ஐயும் வச்சிருங்க. பழம் உருண்டை, உள்ள வெற்றிடம் கூட, கடைக்காரர் விலை குறைப்பாங்க. ஆனா வெக்கையில காய்ப்பு நிக்காதது இதுகள்தான். மகரந்தத்துக்குப் பக்கத்தில 11 இருபால் நிக்குது, போதும்.

நிலாவெளி மணல்தறை:
நாலு மரத்திலயும் நடு மொட்டைப் பிளந்தாச்சு. மகரந்தப் பை 10, நடுவில வெள்ளை நூல் மாதிரி ஒண்டு. ஒரு மரத்தில மட்டும், மேல புதுசா வந்த கொத்தில அந்த நூல் கொஞ்சம் தடிச்சிருக்கு.

தம்பலகாமம் வடக்கு:
இருபால்தான். தடித்த மரம் முதலில் திரும்பும். மற்ற மூன்றுக்கும் புரட்டாதி வரை தவணை கொடுங்கள், தண்ணீரை மட்டும் விடாதீர்கள்.