டொயோட்டா 86: சர்வீஸ் முடிந்ததும் ஆயில் மேல் குறியைத் தாண்டி நிற்கிறது, ஓட்டலாமா?

ஷா ஆலம் 86:
அண்ணன்மார்களே, அவசரமாக ஓர் உதவி. என்னுடையது 2013 டொயோட்டா 86, மேனுவல். இன்று மாலை வெளி வொர்க்ஷாப்பில் எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். பில்லில் 4 லிட்டர் கேன் ஒன்று, 1 லிட்டர் பாட்டில் இரண்டு என்று இருக்கிறது. கார் கையேட்டில் ஃபில்டரோடு சேர்த்து 5.4 லிட்டர் என்றுதான் போட்டிருக்கிறது. மீதி ஆயில் எதுவும் கையில் தரவில்லை.

வீட்டுக்கு வந்து எஞ்சினை நிறுத்திய கையோடு, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மேல் குறிக்குச் சற்று மேலே நிற்கிறது. திருப்பினால் மறுபக்கம் கம்பி முழுக்கப் பூசியிருக்கிறது. போர்மனுக்குப் போன் போட்டால், "கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதான் தம்பி, ஓட்டுங்க" என்கிறார். பானெட்டைத் திறந்தால் லேசான கருகல் வாடை வேறு. நாளை மதியம் ஈப்போவுக்குக் கிளம்ப வேண்டும்.

பூச்சோங் மெக்கானிக்:
தம்பி, முதலில் அளவைச் சரியாகப் பாருங்கள். இப்போது பார்த்தது கணக்கில் சேராது.

உங்கள் எஃப்ஏ20 பாக்ஸர் எஞ்சின். சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கும். நிறுத்தியவுடன் இரு ஓரத்திலும் உள்ள சிலிண்டர் ஹெட்டுகளில் இருக்கும் ஆயில் மெதுவாகத்தான் அடியில் உள்ள சம்ப் தொட்டிக்கு இறங்கும். சூடாக்கி நிறுத்தி 5 நிமிடத்துக்கு மேல் விட வேண்டும். நான் 10, 15 நிமிடம் விடுவேன். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்த்தால் இன்னும் தெளிவு. கார் சமதளத்தில் நிற்க வேண்டும், காண்டோ பார்க்கிங் சரிவில் பார்க்காதீர்கள்.

கம்பியை இழுத்துத் துடைத்து, கடைசி வரை அழுத்திச் சொருகி, மறுபடி இழுங்கள். இந்த எஞ்சினில் குழாய்ச் சுவரில் ஒட்டிய ஆயில் கம்பியின் ஒரு பக்கத்தில் பூசிக்கொண்டு வரும். இரண்டு பக்கமும் பார்த்து, தாழ்வாகக் காட்டும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புது ஆயில் நிறமே தெரியாது. வெள்ளை டிஷ்யூ மேல் கம்பியைப் படுக்க வைத்தால் ஈரம் எதுவரை என்று பிடிபடும்.

வாடைக்கு வேறு காரணம் இருக்கலாம். இந்த எஞ்சினில் ஃபில்டர் மேலேயே நிற்கிறது. கழற்றும்போது சிந்தினால் கீழே எக்ஸாஸ்ட் பக்கம் வழிந்து கருகும். துடைத்துவிட்டுக் கவனியுங்கள். கொஞ்சம் ஓடியும் வாடை நிற்கவில்லை என்றால் ஃபில்டர் சீலையும் டிரெயின் நட்டையும் பார்க்க வேண்டும்.

செப்பாங் ஞாயிறு:
பிரதர், நான் டிராக்குக்குப் போகும்போது வேண்டுமென்றே அரை லிட்டர் கூட ஊற்றுவேன். வலது வளைவில் நீண்ட நேரம் அழுத்தி ஓட்டினால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப்புக்கு ஆயில் உறிஞ்சும் பிக்கப் குழாய் காற்றை இழுத்துவிடும். எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது. கவலை வேண்டாம்.

பூச்சோங் மெக்கானிக்:
அது டிராக்குக்குச் சரி, தெரிந்துதான் செய்கிறீர்கள். இதற்கு அடுத்த மாடலான ஜிஆர்86 வந்த பிறகு இந்த வலது வளைவுப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. ஆனால் தம்பி ஹைவேயில் ஈப்போவுக்குப் போகிறார். அவருக்கு அதில் லாபம் எதுவும் இல்லை.

அளவு மிக ஏறினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து, தே தாரிக் மாதிரி நுரை கட்டிவிடும். பம்ப் நுரையை இழுத்தால் பேரிங்குக்குப் பிரஷர் குறையும். ஆவியோடு கூடுதல் ஆயில் பிசிவி (எஞ்சின் ஆவியை வெளியேற்றும் வால்வு) வழியாக, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்கும் போகும். நீலப் புகை வரும், நாளாக நாளாக, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கும் கேடு. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். அது பிரஷருக்கான விளக்கு, கூடுதலாக ஊற்றியதைச் சொல்லாது.

கணக்குப் பாருங்கள். கம்பியின் இரண்டு குறிகளுக்கும் நடுவில் சுமார் 1 லிட்டர். 6 லிட்டரும் உள்ளே போயிருந்தால் 600 மில்லி கூடுதல். பழைய ஆயில் முழுதும் வடியாமல் தங்கியிருக்கும், அதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் அதிகம். மேல் குறியை ஒரு நூல் தாண்டினால் நான் விட்டுவிடுவேன். குறி இடைவெளியில் பாதி அளவு மேலே நின்றால் எடுத்துவிட்டுத்தான் கிளம்பச் சொல்வேன்.

ஷா ஆலம் 86:
காலையில் நீங்கள் சொன்னபடி, வண்டியைச் சமதளத்தில் வைத்துப் பார்த்தேன். தாழ்ந்த பக்கமே மேல் குறியிலிருந்து பாதி இடைவெளிக்குச் சற்று கூடுதலாக ஏறி நிற்கிறது. டிரெயின் நட்டைத் திறக்கச் சொல்லவா?

பூச்சோங் மெக்கானிக்:
வேண்டாம். டிப்ஸ்டிக் குழாயில் சக்ஷன் பம்ப் விட்டு இழுக்கச் சொல்லுங்கள். அளவு போட்ட பாட்டிலில் 200, 200 மில்லியாக எடுத்து, ஒவ்வொரு தடவையும் கம்பியைப் பார்க்க வேண்டும். மேல் குறிக்குச் சற்றுக் கீழே வந்ததும் நிறுத்தினால் போதும்.

ஷா ஆலம் 86:
முடிந்தது அண்ணே. அதே வொர்க்ஷாப்புக்குத்தான் போனேன். பாட்டிலில் வந்த அளவைப் பார்த்ததும் போர்மன் மறு பேச்சு பேசவில்லை. ஃபில்டருக்குக் கீழே ஆயில் சிந்தியிருந்தது, அதையும் துடைத்துக் கொடுத்தார். இப்போது மேல் குறிக்கு ஒரு மயிரிழை கீழே. வாடை இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

பூச்சோங் மெக்கானிக்:
எக்ஸாஸ்ட் மேல் ஒட்டியது எரிந்து தீரும் வரை வரும். வழியில் தாப்பாவில் நிறுத்தி, சூடு ஆறியதும் ஃபில்டர் அடியில் டிஷ்யூ வைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஈப்போவுக்கு நிம்மதியாகப் போகலாம். புதிதாக ஈரம் இருந்தால் அங்கிருந்தே எனக்குப் படம் அனுப்புங்கள்.