பூனை ஓங்கரித்தாலே முடி உருண்டைதானா? உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

ஆரப்பாளையத்திலிருந்து:

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். செவலை நாட்டுப் பூனை. பஞ்சு நீள முடி வளர்கிற பெர்ஷியன் இனம். பங்குனி பிறந்துவிட்டால் போதும், மதுரை வெயிலுக்குப் பஞ்சு உதிர்க்கிற முடி தலையணை, காயப்போட்ட வேட்டி என்று எதையும் விடாது. வெளியே கிடக்கிற முடியைக் கூட்டி அள்ளிவிடலாம். வயிற்றுக்குள் போகிறதே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பூனை நம் கையை நக்கும்போது உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். அந்த நாக்கு முழுக்கத் தொண்டைப் பக்கமாக வளைந்த குட்டி முட்கள். உதிர்ந்த முடி அதில் சிக்கினால் துப்ப முடியாது, விழுங்கத்தான் வேண்டும். முடி செரிக்காது. பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். மிச்சம் இரைப்பையில் திரண்டு ஒரு நாள் வாந்தியாக வரும். ஈரமாக, விரல் நீளத்துக்கு இருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் மலம் என்றே நினைப்பார்கள்.

பஞ்சு கக்கும்போது கவனித்திருக்கிறேன். முன்னங்காலை ஊன்றிக்கொள்ளும், வயிறு எக்கி எக்கி உள்ளே போகும், கடைசியில் தலையைக் குனிந்து கக்கிவிட்டு நேராகச் சாப்பாட்டுத் தட்டுக்குப் போய்விடும். எப்போதாவது இப்படி நடந்து, பூனை வழக்கம்போலச் சாப்பிட்டு விளையாடினால் பயப்பட ஒன்றுமில்லை.

இதற்கு என்னைக் கேட்டால் சீப்புதான் முதல் மருந்து. ராத்திரி சீரியல் ஓடுகிற நேரத்தில் அம்மா பஞ்சுவை மடியில் போட்டுக்கொள்வார். முதலில் அகலப் பல் சீப்பு, அப்புறம் நெருக்கப் பல் சீப்பு. அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடிப்பக்கம் இந்த மூன்று இடத்திலும்தான் சிக்கு விழும். அங்கே இழுத்தால் பஞ்சு கடிக்க வரும், அதனால் சிக்கின் அடியை விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து மெதுவாகப் பிரிப்பார். கடைசியில் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. சீப்புக்கு அகப்படாத முடியெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தினமும் செய்வதால் பஞ்சு கக்குவது நன்றாகக் குறைந்திருக்கிறது. செவலைக்கு வாரத்தில் இரண்டு நாள் சீவினாலே போதும்.

வயிற்றுக்குள் போனது இறங்கத் தண்ணீர் வேண்டும். வெறும் உலர் தீனி தின்கிற பூனைக்கு அது பற்றாது. மீனையோ கோழியையோ வேகவைத்து, முள், எலும்பு நீக்கி, அந்தத் தண்ணீரோடு வைக்கிறோம். உப்பு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது, அவை பூனையின் ரத்த அணுக்களை அழிக்கும். மொட்டைமாடித் தொட்டியில் மருந்தடிக்காத அருகம்புல் இருக்கிறது, இரண்டும் அவ்வப்போது போய்க் கடிக்கும்.

நம் ஊரில் பெரியவர்கள் சொல்கிற வைத்தியம் ஒரு சங்கு விளக்கெண்ணெய். தயவுசெய்து வேண்டாம். வாயைப் பிளந்து ஊற்றுகிற எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகலாம். மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற எண்ணெயான லிக்விட் பாரஃபின் இன்னும் ஆபத்து. அதற்கு ருசியும் மணமும் இல்லை, புரையேறுவதுகூடத் தெரியாமல் இறங்கிவிடும். டாக்டர் சொன்னால் முடி உருண்டை வழுக்கி இறங்கக் கொடுக்கிற ஹேர்பால் பேஸ்ட்டை முன்னங்காலில் தடவி விடுங்கள், தானாக நக்கிக்கொள்ளும். அதையும் இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் கொடுப்பது நல்லது.

திருமங்கலத்திலிருந்து:

அண்ணன் சொன்னது மாதிரி கக்கிவிட்டால் பரவாயில்லை. எங்கள் பூனை ஓங்கரிக்கிற மாதிரியே செய்யும், ஆனால் ஒன்றும் வெளியே வராது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்தது. வயிறு அவ்வளவாக எக்கவில்லை. உடம்பைத் தரையோடு பதித்து, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு வறட்டு இருமலாக இருமியது. செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஆஸ்துமா. மனிதர்களுக்கு வருகிற அதே இழுப்பு.

வீட்டில் செவ்வாய், வெள்ளி சாம்பிராணி போடுவோம், ராத்திரி கொசுவத்தி. புகையெல்லாம் அதற்கு ஆகாது என்றார். இப்போது சாமி அறையில் விளக்கு மட்டும், கொசுவுக்கு வலை. குழந்தைகளுக்கு வைப்பது போல முகமூடி வைத்த குழாயில் இன்ஹேலர் கொடுக்கிறோம், பழகிவிட்டது. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மட்டும் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அனுப்பானடியிலிருந்து:

பூக் கட்டுகிற வீடுகளில் இருப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மாட்டுத்தாவணியிலிருந்து உதிரி மல்லிகை வாங்கி வந்து கட்டுவார். அவருடைய பூனைக்குட்டி திடீரென்று வாந்தி எடுக்க ஆரம்பித்தது. முடிதான் என்று எல்லோரும் சொன்னோம். மறுநாள் தண்ணீர் குடித்தால்கூடக் கக்கியது, கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டது. டாக்டர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். அடிநாக்கைச் சுற்றிப் பூ கட்டுகிற நூல் மாட்டியிருந்தது. மறுமுனை குடல்வரை போயிருந்தது. ஒரு முனை மேலே மாட்டிக்கொண்டால், குடல் மறுமுனையைக் கீழே தள்ளப் பார்க்கும். நூல் நகராது, குடல்தான் அதில் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் அறுபடும். ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள். குட்டி நன்றாக இருக்கிறது.

மல்லிகை பூனைக்கு விஷமில்லை, ஆபத்து நூலில்தான். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே இழுக்காதீர்கள், அப்படியே டாக்டரிடம் கொண்டுபோங்கள். எங்கள் தெருவில் இப்போது நூல்கண்டு மூடி போட்ட டப்பாவுக்குள்தான். தலையிலிருந்து எடுத்த வாடின சரத்தையும் மூடியுள்ள குப்பைக்கூடையில்தான் போடுகிறோம்.

ஆரப்பாளையத்திலிருந்து மறுபடியும்:

நூல் விஷயம் இங்கே பல பேருக்கு உதவும், நன்றி அக்கா. நாட்டுப் பூனைக்கு ஏன் அடிக்கடி முடி வாந்தியாக வருகிறது என்று செல்லூர் தம்பி தனியாகக் கேட்டிருந்தார். முதலில் தெள்ளு இருக்கிறதா பாருங்கள். அரிப்பு தாங்காமல் நக்கிக்கொண்டே இருந்தால் முடியும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பேன் சீப்பால் முதுகில் சீவி, வருகிற கறுப்புத் தூளை நனைந்த வெள்ளைத் துணியில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் தெள்ளின் எச்சம்தான். அதற்காக நாய்க்கு வாங்கிய மருந்தைப் போட்டுவிடாதீர்கள். பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி கலந்தது பூனைக்கு வலிப்பை வரவழைத்து உயிரையே எடுக்கும்.

சாப்பாட்டைத் தொடவில்லை, மலம் போகவில்லை, ஓங்கரித்தும் ஒன்றும் வரவில்லை என்றால் எந்தப் பேஸ்ட்டும் கொடுக்க வேண்டாம் தம்பி. அடைப்பாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.