ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ் தனியாகப் பாடியிருக்கத்தான் வேண்டுமா?

ரெக்கார்டுப்பிரியன்:
அமெரிக்கப் பாடகி அரேத்தா ஃபிராங்க்ளின் பற்றிய பேச்சில் ஒருவர், அவருக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடிய ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ் குழுப் பெண்கள் நால்வரும் பெரிய நட்சத்திரங்களாகியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிஸ்ஸி ஹூஸ்டன், எஸ்டெல் பிரவுன், சில்வியா ஷெம்வெல், மிர்னா ஸ்மித் நால்வரும் அற்புதமான கோரஸ் பாடகிகள். ஆனால் 1967இல் அட்லாண்டிக் நிறுவனம் அவர்கள் பெயரிலேயே ரெக்கார்டு போட ஆரம்பித்த பிறகு பெரிய ஹிட் என்று பார்த்தால் 1968இல் வந்த 'ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்' ஒன்றுதான், அதுவும் அமெரிக்க பாப் பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் 18ஆம் இடத்தோடு நின்றது. முன்னால் நின்று பாட வேறொரு குணம் வேண்டும்.

வைகைக்கரை:
என்ன சார் இது, அதே பாட்டு ஆர் அண்ட் பி (கறுப்பின அமெரிக்கர்களின் இசை) பட்டியலில் 5ஆம் இடம் வரை போனதை ஏன் விட்டுவிட்டீர்கள்? குணம் இல்லாதவர்களா அவர்கள்? 'எய்ன்ட் நோ வே' பாட்டைப் போட்டுக் கேளுங்கள், அரேத்தாவின் குரலுக்கு மேலே சிஸ்ஸியின் குரல் தனியாக ஏறிப் போகும் இடத்தில் யார் முன்னணி யார் பின்னணி என்றே மறந்துபோகும். நிறுவனம் அவர்களுக்குக் கொடுத்த பாட்டுகளைப் பாருங்கள். 'லெட் இட் பி மி', 'அன்செயின்ட் மெலடி', பீ ஜீஸ் குழுவின் 'டு லவ் சம்படி', எல்லாம் ஏற்கெனவே மற்றவர்கள் பாடி ஊருக்கே தெரிந்தவை. பாட்டு எழுதும் டான் பென்னும் ஸ்பூனர் ஓல்டமும் இவர்களுக்கென்றே எழுதிய 'ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்' ஹிட் ஆனது. அப்படி இன்னும் பத்துப் பாட்டு எழுத வைத்திருந்தால் கதையே வேறு.

ரெக்கார்டுப்பிரியன்:
அந்தக் காலத்து சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சி பொங்கும் பாட்டு வகை) பாடகர்கள் பலரும் அடுத்தவர் பாட்டைப் பாடியவர்கள்தான் மேடம். அரேத்தாவின் 'ரெஸ்பெக்ட்' முதலில் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் பாடியதுதானே, அரேத்தா பாடியபின் யாருடைய பாட்டாக ஆனது? அந்த வேலையை இவர்கள் செய்யவில்லை. நால்வரின் குரலும் ஒன்றோடொன்று கரைந்துபோகும், அதுதான் அவர்களின் பெருமை. பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்கு 1969இல் லாஸ் வேகஸில் பாட ஆரம்பித்து 1977இல் அவர் இறக்கும்வரை அந்தக் குழு கூடவே இருந்தது. அந்த மேடையில் அவர்கள் இல்லாமல் அந்தப் பாட்டுகளைக் கற்பனை செய்ய முடியுமா? அதையே சாதனையாகப் பார்க்க ஏன் தயங்குகிறீர்கள்?

சுருதிப்பெட்டி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எல்விஸ் மேடைக்கு வரும் முன் இவர்கள் தனியாகப் பாடித்தான் நிகழ்ச்சியே தொடங்கும், அதையும் கணக்கில் எடுங்கள். அப்புறம் பணம். ஸ்டூடியோவில் பின்னணி பாடினால் பொதுவாக அந்த வேலைக்கான கூலியோடு சரி, ரெக்கார்டு எத்தனை லட்சம் விற்றாலும் பங்கு வராது. வான் மாரிசனின் 'பிரவுன் ஐட் கேர்ள்' இன்றும் உலகமெங்கும் ஒலிக்கிறது, அதில் இவர்கள் குரலும் இருக்கிறது. ரெக்கார்டு அட்டையில் பாடகராகப் பெயர் வந்தால்தான் பங்கு கேட்கவே முடியும். ஆகவே தனியாகப் பாடியது ஆசைக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

வைகைக்கரை:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். சிஸ்ஸி 1969 கடைசியில் குழுவை விட்டுத் தனியாகப் போனார். 'மிட்நைட் டிரெயின் டு ஜார்ஜியா' பாட்டைப் பாடகி கிளாடிஸ் நைட்டுக்கு முன்பே ரெக்கார்டு செய்தவர் அவர்தான்! கிளாடிஸ் நைட் பாடியது 1973இல் முதலிடம் பிடித்தது. சிஸ்ஸி பாடியதைக் கேட்டுவிட்டு, முன்னால் நிற்கும் குணம் இல்லை என்று இன்னொரு முறை சொல்லுங்கள் சார்.

ரெக்கார்டுப்பிரியன்:
கேட்டிருக்கிறேன், அருமையாகத்தான் பாடியிருக்கிறார். ஆனால் அது சிஸ்ஸி என்ற ஒருவரின் திறமை. நான் பேசுவது குழுவைப் பற்றி. அவர் போனபின் மற்ற மூவரும் 1973இல் ஸ்டாக்ஸ் என்ற ரெக்கார்டு நிறுவனத்தில் 'எஸ்டெல், மிர்னா அண்ட் சில்வியா' என்று ஆல்பம் போட்டார்களே, அதைப் பற்றி உங்களில் ஒருவரும் பேசவில்லை.

சுருதிப்பெட்டி:
பேசுவோம் சார். அந்த ஆல்பம் வந்தபோது ஸ்டாக்ஸே நொடித்துப்போகும் பாதையில் இருந்தது, 1975 முடிவில் திவாலாகி மூடிவிட்டார்கள். அந்த நிலையில் இருந்த நிறுவனம் யாரைத் தூக்கி நிறுத்தியிருக்கும்?