ட்ராபிக் லெவல்: படியா, மட்டமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

ட்ராபிக் லெவலுக்கு (trophic level: உணவுச் சங்கிலியில், செடியில் தொடங்கி, ஓர் உயிரி இருக்கும் இடம்) 'உண்படி' என்ற முன்மொழிவைப் பார்த்தேன். சின்னச் சொல், சொல்லவும் எளிது. ஆனாலும் அதன் இரண்டு பாதியிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

செடி எதையும் உண்பதில்லை. வெயிலைக் கொண்டு தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்கிறது. முதல் இடத்தில் இருப்பதே அதுதான் என்னும்போது 'உண்' அங்கேயே இடிக்கிறது. 'ஊட்டம்' என்றால் செடிக்கும் பொருந்தும், சுறாவுக்கும் பொருந்தும். 'ஆற்றல் மட்டம்' வேண்டாம். அது இயற்பியலில் எலக்ட்ரானுக்குப் போய்விட்ட சொல். இலங்கையில் 'போசணை மட்டம்' புழங்குகிறது. அங்கே தற்போசணி (தன் உணவைத் தானே ஆக்குவது), பிறபோசணி (பிறவற்றைத் தின்று வாழ்வது) என்று ஒரு சொற்குடும்பமே இருப்பதால் அதை இணைச்சொல்லாகக் கொடுத்துவிடலாம்.

பெரிய சிக்கல் 'படி'யில்தான். படி என்றதும் சம உயரமும், ஒவ்வொன்றிலும் ஓர் உயிரினமும் மனத்தில் வந்துவிடும். இரண்டுமே உண்மையில்லை. புளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் நீரூற்றை ஆராய்ந்து சூழலியலாளர் ஹோவர்ட் ஓடம் 1957இல் தந்த கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஓர் ஆண்டுக்குத் தாவரங்கள் பிடித்த ஆற்றல் 20,810 கிலோகலோரி. தாவர உண்ணிகளுக்குப் போனது 3,368, ஊன் உண்ணிகளுக்கு 383, உச்சியில் இருப்பவற்றுக்கு வெறும் 21. அதாவது ஏறக்குறைய ஆறில் ஒன்று, அப்புறம் ஒன்பதில் ஒன்று, அப்புறம் பதினெட்டில் ஒன்று. மீதியில் பெரும்பகுதி மூச்சிலும் வெப்பத்திலும் போய்விடுகிறது. கழிவாகவும் பிணமாகவும் கிடப்பதை மட்கவைப்பவை எடுத்துக்கொள்கின்றன. (இந்த மட்கவைப்பவற்றை எந்தப் படியில் நிறுத்துவீர்கள்?)

அதோடு, இந்த இடங்கள் முழு எண்ணாகவும் இருப்பதில்லை. செடியும் பாசியும் 1, அவற்றைத் தின்பவை 2 என்று எண்ணினால், பாதி பாசியும் பாதி (பாசி தின்னும்) விலங்கு மிதவையுயிரிகளும் தின்னும் மீனின் மட்டம் 2.5. மீன்வள ஆய்வில் இப்படித்தான் எழுதுகிறார்கள். உலக மீன்பிடிப்பின் சராசரி மட்டம் 1950களின் தொடக்கத்தில் 3.3 ஆக இருந்து 1994இல் 3.1க்கும் கீழே இறங்கியது என்று மீன்வள அறிஞர் டேனியல் பாலியும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் எழுதினார்கள். 3.3ஆம் படியில் யாரும் நிற்க முடியாது. அணை நீர்மட்டம் 98.3 அடி என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆகவே என் ஓட்டு 'ஊட்ட மட்டம்'.

அடுத்து ட்ராபிக் கேஸ்கேட் (trophic cascade): மேல் மட்டத்து உயிரி கூடினாலோ குறைந்தாலோ அதன் விளைவு கீழ் மட்டங்களுக்கு அடுத்தடுத்து இறங்குவது. 'ஊட்ட அருவி' அழகாக இருக்கிறது, ஆனால் பொருளைத் திருப்பிவிடும். ஊட்டம் மேல்நோக்கித்தான் போகிறது, கீழே வருவது விளைவு. அலாஸ்காவின் அலூசியத் தீவுகளில் கடல் நீர்நாய் இல்லாத இடங்களில் அதன் இரையான கடல் முள்ளெலிகள் (sea urchin) பெருகி, கெல்ப் பாசிக் காட்டை மேய்ந்து தீர்த்தன. நீர்நாயிலிருந்து கெல்ப்புக்கு ஊட்டம் எதுவும் வழிந்து வரவில்லையே! 'ஊட்டமட்டத் தொடர்விளைவு' என்று வைக்கலாம். நீளம்தான், முதல் தடவை முழுதாகச் சொல்லிவிட்டு, அப்புறம் 'தொடர்விளைவு' என்று மட்டும் எழுதினால் போதும்.