மிருதங்கம் சமையலறைக்குப் போயிடுது, யாராவது கை கொடுங்களேன்

வணக்கம் மக்களே. சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேர்ல தலை திரும்புறதை அளக்குற சின்ன சென்சார் போர்டு ஒண்ணு வாங்கி, ஹெட்ஃபோன் பட்டையில ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஸ்பேஷியல் ஆடியோ (சத்தம் அறையில ஒரு இடத்திலிருந்து வர்ற மாதிரி கேட்குறது) கேட்கிறேன். தலையைத் திருப்பினாலும் மிருதங்கச் சத்தம் டிவி பக்கமே நிக்குது, அருமை! ஆனா பத்து நிமிஷத்துல மெல்ல நகர்ந்து சமையலறைக்குப் போயிடுது. (வயர் ஹெட்ஃபோன்தான், புளூடூத் தாமதம் இல்ல.)

மேலே கீழே குனிஞ்சு நிமிர்றதுல வர்ற பிழையை போர்டுல இருக்கிற முடுக்கமானி (accelerometer) புவியீர்ப்பை வச்சுத் திருத்திடும். இட வலம் திரும்புறதுக்கு அது உதவாதே. திசைகாட்டி மாதிரி வேலை செய்ற காந்தமானியைச் சேர்த்தா இன்னும் மோசம். ஹெட்ஃபோன் ஸ்பீக்கருக்குள்ளேயே காந்தம், பத்தாததுக்கு யீஷூன் வீவக (HDB அடுக்குமாடி) வீட்டு இரும்புக் கேட் வேற பக்கத்துல.

போர்டைக் காதுப்பக்கத்திலிருந்து உச்சிக்கு மாத்தினா தேறுமா? இல்ல, காந்தமானியை அணைச்சுட்டு அப்பப்போ பட்டன் அழுத்தி நடுவுக்குக் கொண்டு வர்றதுதான் வழியா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.