‘மெரிவெதர் போஸ்ட் பெவிலியன்’: எனக்கு ஏன் பிடிபடவில்லை?

கேள்வி: அமெரிக்க இசைக்குழு அனிமல் கலெக்டிவின் இந்த 2009 ஆல்பத்தைப் பலர் உச்சம் என்கிறார்கள். எனக்கு எல்லாம் குழைந்து, பாடல்வரிகூடப் புரியவில்லை. எதைத் தவறவிடுகிறேன்?

பதில் 1: எந்தக் கருவியில் கேட்கிறீர்கள்? குழுவின் கிட்டார் கலைஞர் டீக்கன் விலகியிருந்த சமயம் இது. மற்ற மூவரும் கிட்டாரை ஒதுக்கி சாம்ப்ளர்களை (பதிந்த ஒலித்துணுக்குகளை இசைக்கும் கருவிகள்) வைத்தே கட்டினார்கள். ஹிப்-ஹாப்பில் பழகிய இணைத் தயாரிப்பாளர் பென் ஆலன் பேஸை, அதாவது அடித்தள ஒலியை, கனமாக்கினார், பாட்டு நிற்பதே அதன்மேல்தான். லேப்டாப் ஸ்பீக்கரில் அந்த பேஸ் இருக்கும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றும் வராது. மிஞ்சுவது ரிவெர்ப் எனும் எதிரொலியின் மூட்டம். காதை மூடும் ஹெட்ஃபோனில் இதிலுள்ள ‘மை கேர்ள்ஸ்’ பாட்டிலிருந்து தொடங்குங்கள்.

பதில் 2: ஹெட்ஃபோன் மாற்றினாலும் வரிகள் தெளியாது. ஒரு சொல்லின் ரிவெர்ப் நீண்டு அடுத்த சொல்லின்மேல் விழுந்து மெய்யொலிகளை விழுங்குகிறது. அது ஒலிக்கலவையின் குறையேதான். 2005இல் வந்த இவர்களின் ‘ஃபீல்ஸ்’ ஆல்பத்தைக் கேளுங்கள், கிட்டாரும் மூச்சுவிட இடமும் உண்டு. எனக்கு அதுவே மேல்.

பதில் 1: குறையென்று ஒப்பமாட்டேன். இரு பாடகர்களின் குரல்களும் பின்னிக்கொள்ள அந்தக் கரைசல் வேண்டும். வரிகளை முதலில் படித்துவிட்டுக் கேளுங்கள்.