குருதிக் கால்சியத் தாழ்வு, குருதிக் கால்சிய மிகை: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில், குருதியில் கால்சியம் தாழும் நிலையான ஹைப்போகால்சீமியாவுக்குக் ‘கால்சியக் குறைபாடு’ என்றும் அது மிகும் நிலையான ஹைப்பர்கால்சீமியாவுக்குக் ‘கால்சிய மிகைநோய்’ என்றும் முன்வைக்கப்பட்ட சொற்கள் எளியவை. ஆயினும் அவற்றை என்னால் ஏற்க இயலவில்லை. மூலச்சொல்லின் ஈற்றில் நிற்கும் ‘ஈமியா’ குருதியைக் குறிக்கிறது. அதை விட்டுவிட்டால் பொருளே பிறழ்ந்துவிடுகிறது.

உடலிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. குருதியிலுள்ள மிகச் சிறிய பங்கை டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்னும் குறுகிய வரம்புக்குள் நிறுத்துவதற்காக, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் இயக்குநீர் (ஹார்மோன்) வேண்டும்போது எலும்பைக் கரைத்துக்கூடக் கால்சியத்தை வெளிக்கொணர்கிறது. அதனால்தான் எலும்பு அடர்த்தி குறைந்து வலுவிழக்கும் எலும்புப்புரை முற்றியவருக்கும் குருதிக் கால்சியம் இயல்பான அளவில் இருக்கக்கூடும். பாராதைராய்டு சுரப்பியில் கட்டி தோன்றி இயக்குநீர் மிகுந்துவிட்டாலோ, எலும்பு கால்சியத்தை இழந்துகொண்டிருக்கையிலேயே குருதியில் அதன் அளவு உயர்ந்து, சிறுநீரகக் கல், மலச்சிக்கல், அடங்காத தாகம், மனக்குழப்பம் எனத் தொல்லைகள் தொடரும். அத்தகைய நோயாளியிடம் ‘உங்களுக்குக் கால்சிய மிகைநோய்’ என்று சொன்னால், தம் எலும்பு வலுவாக இருப்பதாகவே அவர் எண்ணிக்கொள்வார். நோயாளியைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் சொல் எவ்வளவு எளிதாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

ஆகவே ‘குருதிக் கால்சியத் தாழ்வு’, ‘குருதிக் கால்சிய மிகை’ என்னும் இணையை முன்மொழிகிறேன். ‘குறைபாடு’ என்பதை உணவில் சத்துப் போதாமைக்கே விட்டுவைக்கலாம். இடத்தை முன்னே நிறுத்துவது தமிழுக்குப் புதிதன்று. ‘இரத்தச் சர்க்கரை’ என்று எல்லோரும் சொல்கிறோம். இந்த அமைப்பு கைவந்துவிட்டால் ‘சிறுநீர்க் கால்சிய மிகை’, ‘குருதிப் பொட்டாசியத் தாழ்வு’ ஆகியவற்றுக்குத் தனியே விவாதிக்க வேண்டியிராது. சொல் நீள்வது உண்மைதான்.

தசைகள் தாமாக இறுகும் நிலையான டெட்டனிக்குப் பரிந்துரைக்கப்பட்ட ‘கால்சிய இசிவு’ பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குருதிக் கால்சியம் தாழும்போது நரம்புகள் எளிதில் கிளர்ந்து, உதட்டைச் சுற்றி மரமரப்பும் விரல்கள் மடங்கி இறுகும் இசிவும் ஏற்படுகின்றன. ஆனால் மெக்னீசியம் தாழ்ந்தாலும் இதே நிலை வரலாம். பதற்றத்தில் விரைந்து மூச்சுவிடும்போதும் குருதியின் காரத்தன்மை கூடி, மொத்தக் கால்சியம் மாறாமலே அதில் புரதத்தோடு பிணையாத கட்டற்ற அயனிப் பகுதி மட்டும் குறைந்து இசிவு தோன்றுவதுண்டு. எனவே காரணத்தைப் பெயரில் ஏற்றாமல் ‘நரம்புக்கிளர் இசிவு’ எனலாம். வெறும் ‘இசிவு’ என்றால் டெட்டனஸ் எனப்படும் தொற்றுநோயோடு மயங்கும். ‘கிளர்’ என்பதைவிடப் பொருத்தமான அடை யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள். இந்த ஒரு சொல்லில் எனக்கு இன்னும் முழு நிறைவு இல்லை.